பனி இரவில் பழக்கன்றைக் காப்பது எப்படி

என் முதல் ஒட்டு மாங்கன்று இரண்டாவது குளிர்காலத்துக்கு வந்தபோது இடுப்பளவு உயரம் இருந்தது. அன்று இரவு 2 டிகிரி வரை இறங்கும் என்று வானிலை அறிவிப்பில் சொன்னார்கள். பூஜ்யத்தைத் தொடவில்லையே, பயமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இருட்டிய பிறகு மனசு கேட்கவில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கன்றின் தலையில் போட்டு, தண்டோடு சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். காலையில் அவிழ்த்தால், துணி பட்ட இலைகளெல்லாம் வெந்நீரில் முக்கி எடுத்ததுபோல் கரும்பச்சையாகத் துவண்டு கிடந்தன. மதியத்துக்குள் கறுத்துவிட்டன. நடுவில், துணி படாமல் இருந்த ஏழெட்டு இலைகள் மட்டும் ஓரம் கருகித் தப்பின.

ஓர் இரவில் மூன்று தவறு. அறிவிப்பில் சொன்ன எண்ணை நம்பினேன், இருட்டிய பிறகு மூடினேன், துணியைத் தண்டோடு கட்டினேன். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: குளிர் இரவில் கன்றுக்குச் சூடு எங்கிருந்து கிடைக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது புரிந்துவிட்டால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சூடு மண்ணில் இருக்கிறது

நாம் போர்வை போர்த்திக்கொள்ளும்போது, நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் போர்வை பிடித்து வைக்கிறது. மரத்தின் உடம்பில் அப்படிப் பிடித்து வைக்க எதுவும் கிடையாது. எவ்வளவு கனமான கம்பளியைச் சுற்றினாலும், கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராகிவிடும். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்திருப்பது மண். இரவில் அது மெல்ல மெல்லச் சூட்டை மேலே விடுகிறது. மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் நின்றுவிட்டால் எல்லாம் நேரே வானத்துக்குப் போய்விடும். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற, இலைகூட ஆடாத இரவைக் கண்டால்தான் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

அப்படிப்பட்ட இரவில் வானத்தைப் பார்த்தபடி இருக்கிற இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது தரையில் தேங்கி நிற்கும். வானிலை நிலையத்திலோ தெர்மாமீட்டரை ஆள் உயரத்தில், கூரைபோட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் அளப்பார்கள். அங்கே 2 என்று காட்டும்போது, முழங்கால் உயரத்தில் இருக்கிற இலையில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கலாம். அறிவிப்பில் சொல்கிற எண்ணிலிருந்து 3 டிகிரியைக் கழித்துக்கொண்டுதான் நான் இப்போது முடிவெடுக்கிறேன்.

காற்று வறண்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஈரக்காற்றில் பனித்துளி படியும்போது கொஞ்சம் சூடு வெளிப்படும். இறங்குகிற குளிரை அது தாமதப்படுத்தும். வறண்ட இரவில் அந்தத் தடையும் கிடையாது. காலையில் வெள்ளைப் பனி எதுவும் தெரியாது, ஆனால் இலைகள் கறுத்திருக்கும்.

இன்னொரு வகைக் குளிரும் உண்டு. குளிர்க்காற்று கூட்டமாக வந்து, இரவு பகல் பாராமல் வீசிக்கொண்டே இருக்கும். அப்போது மண்ணின் சூட்டைக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாதிரி நாளில் துணி மூடி மட்டும் போதாது. காற்றுத் தடுப்பு வேண்டும், முடிந்தால் உள்ளே ஒரு வெப்பமும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அடித்தண்டைச் சுற்றி மண் வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் கன்று எவ்வளவு தாங்கும்

வெப்பமண்டல மரங்களெல்லாம் குளிருக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் போன்றவற்றுக்கு உறைபனியே தேவையில்லை. 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே இலை வாடி உதிரத் தொடங்கும். வாழை 10 டிகிரி அளவில் வளர்ச்சியை நிறுத்திவிடும், 0 வந்தால் இலை கருகும். பப்பாளி மைனஸ் அரை டிகிரியிலேயே அடிபடும். இளம் மாங்கன்று மைனஸ் 1 டிகிரிக்குக் கீழே செத்துப்போகலாம். அதே மா பெரிய மரமான பிறகு மைனஸ் 4 டிகிரி வரை சில மணி நேரம் தாங்கி நிற்கும். பலாவுக்கு 0 டிகிரியில் இலை, மைனஸ் 1 டிகிரியில் கிளை, மைனஸ் 2 டிகிரியில் மரமே போய்விடும். சப்போட்டா இளங்கன்றும் 0 டிகிரிக்கும் மைனஸ் 1 டிகிரிக்கும் நடுவே அடிபடும். கொய்யாவும் லிச்சியும் கொஞ்சம் திடமானவை, ஆனால் இளங்கன்றாக இருக்கும்போது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே அவற்றுக்கும் உயிர் ஆபத்துதான். அவகேடோவில் எந்த வம்சம் என்று கேட்டு வாங்குங்கள். மேற்கிந்தியத் தீவு வகை மிக மென்மையானது, மெக்சிகோ வகைதான் குளிரை அதிகம் தாங்கும், குவாத்தமாலா வகை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

இந்த எண்கள் வழிகாட்டிதான். ஒரு மணி நேரம் மைனஸ் 1 டிகிரியில் இருப்பதும், ஆறு மணி நேரம் இருப்பதும் ஒன்றல்ல. தளிர் விட்டிருக்கிற கன்று, இலை முற்றிய கன்றைவிட முன்னதாகவே அடிபடும். இளங்கன்று ஏன் இவ்வளவு பலவீனம் என்றால், பட்டை மெல்லியது, தண்டில் தண்ணீர் அதிகம், தலை முழுவதும் குளிர்க்காற்று தேங்குகிற உயரத்திலேயே இருக்கிறது.

குளிர் வருவதற்கு முன்பே

இன்னும் நடவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பாதிப் பாதுகாப்பு இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடும். குளிர்க்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும். நிலத்தில் தாழ்வான மூலையில் கன்றை நடாதீர்கள். சரிவின் கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலியோ சுவரோ இருந்தால், அது அணைபோல் குளிரைத் தேக்கி வைக்கும். அங்கே அடியில் ஒரு வழி திறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயில் படுகிற சுவருக்கு முன்னால் நட்டால், சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கன்றுக்குக் கொடுக்கும். இலை உதிர்க்காத பெரிய மரத்தின் விளிம்பு நிழலும் நல்ல இடம்தான், மேலே இருக்கிற இலைக்கூட்டமே கூரையாகிவிடும்.

குளிர்காலம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள். கவாத்தும் வேண்டாம். உரமும் வெட்டும் புதுத் தளிரைக் கிளப்பிவிடும், முதல் குளிரிலேயே அந்தத் தளிர் கருகும். மூன்றாவது வருடம் மழை முடிந்து கன்று மந்தமாக இருக்கிறதே என்று நான் ஒரு பிடி யூரியா வைத்தேன். செம்பு நிறத்தில் அழகான கொழுந்து வந்தது. ஒரே இரவில் அத்தனையும் போனது, பழைய இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவுசெய்து வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கன்றின் நடு உயரத்தில், மேலே எதுவும் மறைக்காத இடத்தில் மாட்டுங்கள். மாட்டும் முன் சரிபாருங்கள். உடைத்த ஐஸ்கட்டியை ஒரு டம்ளர் நிறைய எடுத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதில் முனையை வைத்து ஐந்து நிமிடம் பொறுத்தால் 0 காட்ட வேண்டும். என்னுடையது ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. அந்த ஒன்றரை டிகிரியில் ஒரு பப்பாளியின் உயிர் இருக்கிறது. ஒரு வருடம் குறித்து வைத்தால் உங்கள் தோட்டத்துக்கும் அறிவிப்புக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு பொதுக் கணக்கு தேவையில்லை, உங்கள் கணக்கே போதும்.

மண் அணைப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இலை போனால் திரும்ப வரும். கிளை போனாலும் வரும். ஒட்டுக்கு மேலே ஒரு சாண் தண்டு உயிரோடு இருந்தால் போதும், நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அதே ரகம் மறுபடி மரமாகும். ஒட்டுக்குக் கீழே வரை செத்துவிட்டால், பிறகு வருவதெல்லாம் வேர்க்கன்றின், அதாவது உங்கள் ரகத்தை ஒட்டுவதற்காக அடியில் வைத்த வேறு கன்றின் தளிர்தான். எவ்வளவு செழிப்பாக வளர்ந்தாலும் அது உங்கள் ரகம் கிடையாது.

முதலில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தண்டைத் தடவிப் பாருங்கள். சின்ன முண்டுபோல, பட்டையின் நிறம் மாறுகிற இடம். மாவில் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாணுக்குள் இருக்கும். கடும் குளிர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு தண்டைச் சுற்றியிருக்கிற களை, காய்ந்த இலை, குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடிப்பட்டையில் காப்பர் சேர்ந்த பூஞ்சாணக் கொல்லியை ஒருமுறை பூசுவது நல்லது, ஏனென்றால் பட்டை இரண்டு மூன்று மாதம் ஈர மண்ணுக்குள் இருக்கப் போகிறது. பிறகு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த சுத்தமான, பொலபொலப்பான மண்ணைத் தண்டைச் சுற்றிக் கூம்பாகக் குவியுங்கள். கன்றின் காலடி மண்ணையே வெட்டி எடுக்காதீர்கள், வேர் வெளியே வந்துவிடும். குவியல் ஒட்டுக்கு மேலே குறைந்தது ஒரு சாண் ஏற வேண்டும். மாங்கன்றுக்கு மொத்தம் இரண்டு முதல் இரண்டரைச் சாண் உயரம் வரும். கையால் தட்டி, லேசாக இறுக்கி, மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக விடுங்கள்.

மண்ணுக்குள் இருக்கிற தண்டு வானத்தைப் பார்ப்பதில்லை, காற்றும் அதைத் தொடாது. கீழேயிருந்து நிலத்தின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் துணி பறந்தாலும் நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். நான் ஊரில் இல்லாத ஒரு கடும் குளிர் இரவில் என் தோட்டத்தில் மூடாமல் விடப்பட்ட கன்றுகள் ஐந்து. மண் அணைத்திருந்த மூன்றும் அடியிலிருந்து துளிர்த்தன. மற்ற இரண்டில் ஒன்று முழுவதுமாகப் போனது, இன்னொன்று வேர்க்கன்றாக மாறிவிட்டது.

வாரம் ஒருமுறை குவியலைச் சுற்றிப் பார்த்து வாருங்கள், எறும்பு புற்று வைத்தால் பட்டையைக் கடிக்கும். குளிர் முடிந்ததும் மண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள், வெதுவெதுப்பான ஈரத்தில் பட்டை அழுகும். மேகமூட்டமான நாளாகப் பார்த்து, மண்வெட்டி படாமல் கையால் விலக்கி, மீதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உள்ளே இருந்த பட்டை வெளிறி மென்மையாக இருக்கும். சில நாள் அதற்குக் கொஞ்சம் நிழல் கொடுத்தால் போதும்.

இரண்டு நாள் முன்பு

உலர்ந்த மண்ணில் காற்றுதான் அதிகம். அது வெயிலை ஆழமாக உள்ளே விடாது, சேமிக்கவும் செய்யாது. ஈர மண்ணோ பகல் வெயிலை ஒரு அடி ஆழம் வரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் குளிர் அறிவிப்பு வந்தவுடன், இரண்டு நாள் முன்னதாகவே, ஒரு அடி ஆழம் நனையும்படி தண்ணீர் விடுங்கள். தேங்கக் கூடாது. முந்தின நாள் மாலையில் விட்டால் மண் சூடேற நேரம் இருக்காது.

மூடாக்கைப் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. வைக்கோலும் சருகும் வேருக்கு நல்லதுதான். ஆனால் பகலில் வெயில் மண்ணுக்குள் போகாமலும், இரவில் சூடு மேலே வராமலும் தடுக்கிறதும் அவைதான். குளிர் நாட்களில் மட்டும் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு மூடாக்கை ஒதுக்கி, புல்லையும் சீவி, ஈரமான வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டுங்கள். ஆபத்து போனதும் திரும்ப இழுத்துவிடலாம்.

மூடுவது

துணி கன்றைத் தொடக் கூடாது, தரையைத் தொட வேண்டும். இதைத்தான் அந்த முதல் இரவில் நான் தலைகீழாகச் செய்தேன். தண்டோடு கட்டிவிட்டதால் மண்ணிலிருந்து வந்த சூடு துணிக்கு வெளியே போனது. துணியும் வானத்தைப் பார்த்தபடி காற்றைவிடக் குளிர்ந்தது, தன்மேல் பட்ட இலைகளையும் அதே அளவுக்கு இழுத்துவிட்டது.

சாய்த்துக் கட்டிய பிறகும் உச்சி கன்றைவிட அரை அடி உயரமாக நிற்கும்படி நான்கு குச்சிகளை நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூங்கில் நல்லது. கன்றின் இலைவட்டத்துக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி நான்கு மூலையிலும் சாய்வாக ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டினால் கூடாரச் சட்டம் தயார். காலடி அகலமாக இருக்கட்டும். கூடாரத்துக்குள் எவ்வளவு மண் இருக்கிறதோ அவ்வளவு சூடு கிடைக்கும், அதனால் குறுகலான உறை போடுவதில் பயனில்லை. இந்தச் சட்டத்தைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டு வையுங்கள். இருட்டில் அவசரமாகக் குச்சி ஊன்றுகிறவர் கட்டாயம் ஒரு கிளையை ஒடிப்பார்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது துணியைப் போடுங்கள். மண் அப்போதுதான் நல்ல சூட்டில் இருக்கும். இருட்டிவிட்டால் பாதிச் சூடு போயே போய்விடும். உறைபனித் துணி என்று விற்கிற நெய்யாத வெள்ளைத் துணி எடை குறைவு, சீக்கிரம் உலரும். அதைக் கொண்டு 2 அல்லது 3 டிகிரி லாபம் எதிர்பார்க்கலாம். பழைய போர்வை, விரிப்பு, கோணி எதுவானாலும் சரிதான். ஒரு கனமான துணியைவிட, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்ட இரண்டு மெல்லிய துணிகள் நன்றாகச் சூட்டைப் பிடிக்கும். ஓரங்களைத் தரையில் ஒரு சாண் மடித்துவிட்டு, செங்கல்லோ மண்ணோ வைத்து இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். குனிந்து சுற்றிவந்து பாருங்கள். உள்ளே டார்ச் லைட்டை வைத்துவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பொத்தலும் தப்பாது. காற்று உள்ளே புகும் இடமெல்லாம் வெளிச்சம் கசியும்.

பிளாஸ்டிக் ஷீட்டைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் மண்ணின் சூட்டைக் கிட்டத்தட்ட அப்படியே வெளியே விட்டுவிடும், இலையில் பட்டால் அங்கே கருகும். மழை வரும் என்றாலோ காற்று பலமாக இருக்கும் என்றாலோ, துணிக்கு மேலே வெளிப்பக்கமாகப் போட்டுக் கட்டுங்கள். நனைந்த துணி கன்றின்மேல் சரிந்தால் அது இன்னொரு கஷ்டம்.

காலையில் வெயில் வந்து, வெளியே 5 டிகிரியாவது ஆன பிறகு திறந்துவிடுங்கள். திறக்காமல் வேலைக்குப் போய்விட்டால், பிளாஸ்டிக் போட்ட கூடாரத்துக்குள் மதியம் 40 டிகிரியைத் தாண்டிவிடும், கன்று அவிந்துபோகும். துணிக் கூடாரமானாலும் பகலில் திறப்பது அவசியம், அடுத்த இரவுக்கான சூட்டை மண் அப்போதுதான் வாங்கும். ஆனால் ஒன்று: பெரும்பாலும் இரவின் மிகக் குளிரான நேரம் சூரியன் எழுவதை ஒட்டியே வரும். பொழுது விடிந்துவிட்டது என்று உடனே அவிழ்க்காதீர்கள்.

கூடாரத்துக்குள் கொஞ்சம் சூடு

மைனஸ் 3 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் துணி மட்டும் போதாது. பழைய ரக இழை பல்பு, 60 அல்லது 100 வாட், ஒன்று போதும். அதில் பெரும்பகுதி மின்சாரம் சூடாகத்தான் போகிறது. எல்இடி பல்பு போட்டுவிட்டுக் காப்பாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள், அதில் வெளிச்சம்தான் வரும். பல்பைக் கன்றின் உச்சியில் தொங்கவிட வேண்டாம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்தால் சூடு ஏறி இலைகளுக்கு இடையே பரவும். கம்பிக்கூடு போட்டு, துணியிலிருந்தும் தண்டிலிருந்தும் ஒரு அடி தள்ளி, காற்றில் ஆடாமல் உறுதியாகக் கட்டுங்கள். வெளியில் போடத் தகுந்த ஒயரும், மின்கசிவு வந்தால் தானாக அணைகிற பிரேக்கரும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கரி அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவத்தி எதையும் துணிக்குள் வைக்கவே வேண்டாம். தீப்பிடித்தால் கன்றோடு நிற்காது.

மின்சாரம் இல்லாத மூலைக்கு நான் தண்ணீர் வைக்கிறேன். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று பகலில் வெயிலில் 20 டிகிரிக்குச் சூடாகி, இரவில் 5 டிகிரிக்கு இறங்கினால், ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை வெளியே விடுகிறது. 350 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் வருகிற அளவு அது. கறுப்பு நிறப் பீப்பாய் நல்லது. இடம் போதாவிட்டால் 20 லிட்டர் கேன்கள் நாலைந்தைக் கன்றைச் சுற்றி வட்டமாக வையுங்கள், பகலில் வெயில் நேரே படும்படி.

புகை மூட்டம் போடுவதைப் பலர் நம்புகிறார்கள். புகைத் துகள் மிக நுண்ணியது. மண்ணிலிருந்து வானத்துக்குப் போகிற வெப்பக்கதிரை அது தடுப்பதில்லை. காலையில் வெயிலைத்தான் தடுக்கிறது. நெருப்பின் சூடு உதவும் என்பது உண்மை, ஆனால் ஒரே பெரிய நெருப்பின் சூடு கூம்பாக எழுந்து உயரத்துக்குப் போய்விடும். வீட்டுத் தோட்டத்துக்கு அது சரிவராது.

தண்ணீர் தெளிப்பதும் அப்படித்தான். பெரிய தோப்புகளில் தெளிப்பான் போட்டு இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெளிவருகிறது, அந்தச் சூடுதான் கிளையை 0 டிகிரியில் பிடித்து வைக்கிறது. ஆனால் ஒரு கிராம் ஆவியானால் 600 கலோரிக்குப் பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு போகும். அதாவது ஒரு துளி ஆவியானால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஏழெட்டுத் துளி உறைய வேண்டும். காற்று வீசினாலோ, நடுவில் தண்ணீர் நின்றாலோ, தெளிக்காமல் இருந்திருப்பதைவிட மோசமாகும். பனிக்கட்டியின் பாரத்தில் இளங்கிளை முறியும். தொட்டியில் பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு ஹோஸ் பைப்பால் முயற்சி செய்யாதீர்கள்.

வாழை, பப்பாளி, தொட்டிச் செடிகள்

வாழையில் இலையைக் காப்பாற்ற நான் மெனக்கெடுவதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, அடியில் மண்ணை ஏற்றிவிட்டால் பக்கக்கன்று வரும். அந்த வருடமே தார் வேண்டுமென்றால் தண்டைச் சுற்றி ஆள் உயரம் வரை சாக்கு சுற்றி, குருத்து வெளிவரும் உச்சியையும் மூடுங்கள். பப்பாளியில் உச்சிக் குருத்துதான் உயிர், அது அழுகினால் மேல்தண்டு வழியாகத் தண்ணீர் இறங்கித் தண்டும் அழுகும்.

தொட்டியில் இருப்பதை உள்ளே கொண்டுபோங்கள். தரையில் நட்ட செடியின் வேருக்கு நிலத்தின் சூடு உண்டு, தொட்டி வேரைச் சுற்றிலும் குளிர்க்காற்றுதான். தூக்க முடியாத தொட்டியைச் சுவரோரம் தரையில் இறக்கி, நெருக்கமாகச் சேர்த்து வைத்து, வெளிச்சுற்றைச் சாக்கால் சுற்றுங்கள்.

அடிபட்ட பிறகு

இங்கேதான் நல்ல கன்றுகளை நாமே கொல்கிறோம். கருகிய கிளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வராது, கத்திரியைத் தேடும். வேண்டாம். குளிர் எவ்வளவு தூரம் இறங்கியது என்று தண்டு சொல்ல வாரங்கள் ஆகும். இன்று பச்சையாகத் தெரிகிற கிளை அடுத்த மாதம் காயலாம், இன்று செத்ததாகத் தெரிவது துளிர்க்கலாம். வெட்டினால் புதுத் தளிர் கிளம்பும், அடுத்த குளிர் அதைத் தின்னும். கருகிய இலைகளும் கிளைகளும் அதுவரை கீழே இருப்பதற்கு ஒரு மூடிதான். புதுத் தளிர் வந்து முற்றும் வரை, குறைந்தது இரண்டு மூன்று மாதம், கத்திரியைத் தொடாதீர்கள்.

காத்திருக்கும்போது பார்க்க ஒரு அடையாளம் உண்டு. கருகிய இலைகள் ஒரு வாரம் பத்து நாளில் தாமாகக் காம்போடு உதிர்ந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இலையைக் கழற்றிவிட உயிருள்ள திசு வேண்டும். காய்ந்த இலை கிளையைவிட்டுப் போகாமல், இழுத்தால் கிழிந்து வருகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. என் மாங்கன்றில் மேல் இரண்டு கிளைகளில் இலை அப்படியே ஒட்டியிருந்தது, கீழ்க்கிளையில் தொட்டாலே உதிர்ந்தது. துளிர்த்தது அந்தக் கீழ்க்கிளைதான்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய, நகத்தால் பட்டையை அரிசியளவு சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரமான பச்சை இருந்தால் உயிர். பழுப்பு நிறமாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள், பச்சை கண்டதும் நிறுத்துங்கள். ஒட்டுக்கு மேலே எங்காவது பச்சை இருந்தால் கன்றைப் பிடுங்காதீர்கள்.

இலை இல்லாத கன்று தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. பாவம் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகும். இரண்டு அங்குல ஆழத்தில் மண் காய்ந்த பிறகு கொஞ்சமாக விடுங்கள். உரம் துளிர் வந்த பிறகுதான். இலை உதிர்ந்து வெயில் நேரே படுகிற தண்டில் பட்டை வெடிக்கும். வெள்ளை நிற வாட்டர் பெயின்டைச் சம அளவு தண்ணீர் கலந்து தண்டிலும் தடித்த கிளையிலும் பூசிவிடுங்கள்.

துளிர் வரத் தொடங்கியதும் தினமும் அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிற தளிர்தான் முதலில், வேகமாக வரும். அதைப் பிஞ்சிலேயே கையால் ஒடித்து எடுங்கள், இல்லாவிட்டால் மேலே மெல்ல வருகிற நல்ல தளிரை அது பட்டினி போட்டுவிடும். மேலே வருபவற்றில் இரண்டு மூன்றை விட்டு வைத்து, அவை பென்சில் தடிமன் ஆனதும் திடமான ஒன்றை நடுத்தண்டாகத் தேர்ந்தெடுங்கள். செத்த பகுதியை, உயிருள்ள பச்சை தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, சாய்வாக வெட்டுங்கள்.

என் மாங்கன்றில் அந்தத் துளிர் வந்தது குளிர் போய் ஒன்பதாவது வாரத்தில், ஒட்டுக்கு நாலு விரல் மேலே. அந்த இடத்தில் இன்றும் தண்டு லேசாக வளைந்து போகிறது. நான்காவது குளிர்காலம் வரை அதற்குத் தவறாமல் மண் அணைத்தேன். ஐந்தாவது வருடம் அடித்தண்டு என் இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்கிற அளவு வந்துவிட்டது, அப்போது மண் அணைப்பதை நிறுத்தினேன். வானம் தெளிந்து காற்று நிற்கிற குளிர் இரவு வரப்போகிறது என்றால், இரண்டு நாள் முன்பே காலடி மண்ணுக்குத் தண்ணீர் விடுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.